பச்சைத் துண்டும் ஆறு தையலும்

முப்பத்தோரு வருட சர்வீஸில் என் லத்தி ஒரே ஒரு மண்டையைத்தான் உடைத்தது. அது ஒரு போலீஸ்காரர் மண்டை. இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. சிரித்துவிட்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்பார்கள். அதைச் சொன்னால் சிரிப்பு நின்றுவிடும். புதிதாக வேலையில் சேர்ந்திருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன். ஸ்டேஷன் பேர் வேண்டாம். ஆட்களின் பேரையும் மாற்றியிருக்கிறேன்.

1. இரண்டு பிரீஃபிங்

கச்சிராயபாளையம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நலத்திட்ட உதவி வழங்கும் விழா. அமைச்சர் வருகிறார். அணையில் தண்ணீர் இருந்தும் கடைமடைக்கு வரவில்லை என்று விவசாயிகள் சிலர் விழாவில் எழுந்து கத்தப்போவதாக முதல் நாளே தகவல். நான் அப்போது ஏட்டு. ஸ்டிரைக்கிங் ஃபோர்ஸ் பத்துப் பேருக்கு நான் பொறுப்பு. கலாட்டா என்றால் கூட்டத்துக்குள் புகுந்து ஆளைத் தூக்கி வெளியே கொண்டுவருவது எங்கள் வேலை.

காலை ஏழு மணிக்கு இன்ஸ்பெக்டர் எங்களை வரிசையில் நிறுத்திச் சொன்னார்: "பச்சைத் துண்டு போட்டவன் எழுந்தா வுடாத. மினிஸ்டர் பேச்சு நிக்கக் கூடாது. அவ்ளோதான்."

அதே நேரத்தில் மைதானத்தின் மறுகோடியில் ஒரு எஸ்.ஐ., மஃப்டி ஆட்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விவசாயிகளோடு கலந்து உட்காருங்கள், சந்தேகம் வராமல் இருக்க ஆளுக்கொரு பச்சைத் துண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று. இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது, அதுதான் குறை.

அமைச்சர் பேசிக்கொண்டிருக்கும்போது பழனிவேல் எழுந்தார். குத்தகைக்குப் பயிர் வைக்கிறவர், ஐம்பது வயது இருக்கும். கையில் காய்ந்த நெற்பயிர் ஒரு பிடி.

"ஐயா, கடமடைக்குத் தண்ணி வுடச் சொல்லுங்கய்யா. பயிரு பால் புடிக்கிற நேரம்ங்க."

அவரோடு ஆறேழு பேர் எழுந்தார்கள். ஒருவர் கையில் கொடிக்கம்பு. கோஷம் போட்டார்கள், பின்வரிசை நாற்காலிகள் சரிந்தன. அமைச்சர் மைக்கிலேயே, "உட்காருங்க, பேசலாம்" என்றார். இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் உட்கார்ந்திருப்பார்கள் என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கிவிட்டார்.

லத்தியால் இடுப்புக்குக் கீழேதான் அடிக்க வேண்டும் என்பது டிரில்லில் சொல்லித்தந்த பாடம். நெருக்கமான கூட்டத்தில் குனிந்து அடிக்க இடம் இருக்காது, கை தானாக மேலே போகும். முதல் அடி பழனிவேலின் தோளில் விழுந்தது. அவருக்குப் பின்னாலிருந்து இன்னொரு பச்சைத் துண்டுக்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். காப்பாற்றுகிறார் போலிருக்கிறது என்று நினைத்து, முகத்தைக்கூடப் பார்க்காமல் இரண்டாவது அடியை அவர் தலையில் போட்டேன்.

"ஏட்டண்ணே, நான் மணி" என்றபடியே அவர் உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஸ்டேஷன் கிரேட் ஒன் காவலர் மணிதான் அது.

2. டாக்டர் கேட்ட கேள்வி

அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் டாக்டர் முதலில் கேட்பது, எப்படி அடிபட்டது, எதால், அடித்தவர் தெரிந்தவரா தெரியாதவரா என்பதுதான். பதிலை ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் எழுதிக்கொள்வார். ஏ.ஆர். காப்பி என்போம். கேஸின் தலையெழுத்து பெரும்பாலும் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஜீப்பில் ஏறுமுன் இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "போலீசே போலீசை அடிச்சான்னு நாளைக்கு பேப்பர்ல வரணுமா? அந்தக் கூட்டத்துல கொடிக்கம்பு இருந்துச்சில்ல?"

"இருந்துச்சிங்கய்யா."

"அப்புறம் இன்னா?"

நான் ஜீப்பில் ஏறினேன்.

டூட்டி டாக்டரம்மா கேட்டபோது மணி வாயைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். நான் முந்திக்கொண்டேன்: "தெரிஞ்ச ஆளும்மா. பழனிவேல்னு பேரு. கொடிக்கம்பால அடிச்சிட்டாரு." டாக்டரம்மா காயத்தை ஒருமுறை பார்த்தார், என் லத்தியை ஒருமுறை பார்த்தார், எழுதிக்கொண்டார். ஆறு தையல்.

மற்றவர்களை வழக்கம்போலக் கல்யாண மண்டபத்தில் வைத்திருந்து சாயங்காலம் அனுப்பிவிட்டோம். பழனிவேலுக்கு மட்டும், பணியிலிருந்த காவலரைத் தாக்கிக் காயப்படுத்தியதாக, லேசில் ஜாமீன் கிடைக்காத செக்‌ஷன். ரிமாண்ட் ஆனார். அவர் தோள் வீங்கியிருந்தது, ஓடும்போது கீழே விழுந்ததாக எழுதினோம்.

3. புதன்கிழமை

ஐந்தாம் நாள் பழனிவேலின் மனைவி செல்வி ஸ்டேஷனுக்கு வந்தார். அழுதுகொண்டு வருவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கணக்காகப் பேசினார்.

"வாய்க்கால்ல தண்ணி வுட்டுட்டாங்க சார். புதன்கெழம எங்க முறை. தலமடைக்காரங்க மறிச்சா அவுருதான் போயி பேசி வாங்கியாருவாரு. நான் ஜாமீனுக்கு அலையறதா, மடைக்குப் போறதா? புதனுக்குள்ள வந்துடுவாருங்களா?"

"அது கோர்ட்டுதாம்மா சொல்லணும்" என்றேன். போலீஸ்காரனுக்கு மனப்பாடமான பதில். அதைச் சொன்னதற்காக அன்றைக்கு எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. ஆனாலும் சாயங்காலம் டீ குடித்தேன், ரோல்காலில் நின்றேன், வீட்டுக்குப் போனேன்.

எட்டாம் நாள், புதன்கிழமை, கள்ளக்குறிச்சியில் ஜாமீன் மனு தள்ளுபடி ஆனது. தலைக் காயம், ஆறு தையல், ஏ.ஆர். காப்பி. நாள் முழுக்க செல்வி கோர்ட் வாசலில்தான் இருந்தார்.

பத்தாம் நாள் மணி என்னைத் தேடி வந்தார். தலையில் கட்டு இன்னும் இருந்தது.

"அண்ணே, என் ஸ்டேட்மென்ட்டை டைப் பண்ணி வெச்சிருக்காங்க. அந்தாளு கொடிக்கம்பால என்னை அடிச்சாருன்னு. அந்தாளு ரெண்டு கையையும் நான்தான் புட்ச்சிக்கினு இருந்தேன். எப்டிண்ணே அடிப்பாரு? நாளைக்கு கோர்ட்ல அவரை நான் கை காட்டணுமா?"

இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகி ஆறு மாதம். அவர் கேட்டதை நான் முதல் நாளே என்னிடம் கேட்டிருக்க வேண்டும். அடித்தது நான்தான், தவறுதலாக அடித்தேன், டாக்டரிடம் பொய் சொன்னதும் நான்தான் என்று அன்றைக்கே எழுதி டி.எஸ்.பி.யிடம் கொடுத்தேன். இன்ஸ்பெக்டர் பேச்சை அதில் எழுதவில்லை. அந்த அளவு தைரியம் எனக்கு இருக்கவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

டி.எஸ்.பி. இரண்டு முறை படித்தார். "இதை நான் மேல அனுப்பினா நீ இன்னா ஆவன்னு தெரியுமாய்யா?"

"தெரியுங்கய்யா."

செக்‌ஷனை மாற்றி கோர்ட்டுக்கு ரிப்போர்ட் போனது. பதினாலாம் நாள் பழனிவேல் வெளியே வந்தார். எனக்கு சார்ஜ் மெமோ வந்தது, விசாரணை நடந்தது, தண்டனையோடு மலை மேல் ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள்.

4. பஸ் ஸ்டாண்டில்

மலைக்குப் போகிற அன்று பெட்டியோடு கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். பழனிவேல் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினார். வலது தோளைத் தாழ்த்தியே வைத்திருந்தார். என்னை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்தார். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"வக்கீலு சொன்னாரு. நீங்கதான் உண்மையச் சொன்னீங்களாமே."

தலையாட்டினேன். நன்றி சொல்லப்போகிறார் என்று ஒரு நொடி நினைத்ததையும் மறைக்க விரும்பவில்லை.

"பத்தாம் நாளு சொன்னீங்க. எங்க முறை எட்டாம் நாளு. பயிரு பூரா பதராப் பூட்ச்சிங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தேதியைச் சரிபார்க்கிற மாதிரி சொன்னார். பிறகு துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார்.

மலையில் மூன்று வருடம் இருந்தேன். என்னைத் தண்டித்துவிட்டார்கள் என்று பரிதாபப்பட்டவர்கள் உண்டு, நேர்மையானவர் என்று மெச்சியவர்களும் உண்டு. இரண்டையும் வாங்கிக்கொண்டு சும்மா இருந்தேன். இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். லத்தி தவறு செய்யும், நெரிசலில் யார் கையும் தவறும். அது நடந்த அன்றைக்கே, அந்த டாக்டர் பேனாவைத் திறந்து கேட்கும்போதே, உள்ளதைச் சொல்லிவிடுங்கள். நான் பத்து நாள் கழித்துச் சொன்னதில் நிம்மதி கிடைத்தது எனக்கு மட்டும்தான்.