அவர் போகாத பரிசோதனை

கத்தரிக்கோல் டப்பாவின் மூடிக்கு உட்புறம், ரப்பர் பேண்டுக்குள் செருகியிருந்தது அந்தக் கருத்தடை மாத்திரை அட்டை. ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தபோது, கேட்டில் பை சோதிக்கும் செக்யூரிட்டி அம்மா, தோல் திருட்டையே பிடித்துவிட்ட பெருமையோடு டப்பாவை என் மேஜையில் வைத்தார். பின்னாலேயே அதற்குச் சொந்தக்காரர் வந்து நின்றார். தையல் லைனின் பெண் சூப்பர்வைசர். மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவர். எத்தனை நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"பதினோரு வருசம் ஆவுது மேடம். ஆபரேசன்னா லீவு போடணும். நான் லீவு போட்டா லைன் இன்னாத்துக்கு ஆவும்?"

டாக்டரைக் கேட்டதுண்டா என்றேன். தன் முகத்தைப் பார்த்தாலே மெடிக்கல் ஷாப்காரர் அட்டையை எடுத்துவிடுவார் என்று சிரித்தார்.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மூன்று ஊர் டாக்டர்கள் ஒரே கையெழுத்தில் எழுதிய மெடிக்கல் சர்டிபிகேட்டுகளைப் பிரித்துப் பார்க்காமலே கண்டுபிடிப்பேன். அந்த வருடம் கம்பெனிக்குள் கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. வந்திருந்த பெண் டாக்டர் நிதானமாகச் சொன்னார்: நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ், அது உடம்பில் தங்கிவிட்டவர்கள் ஐந்து வருடத்துக்கு மேல் மாத்திரை சாப்பிட்டால் அபாயம் கூடுகிறது, நிறுத்தினால் மெல்லக் குறையும், பயப்பட வேண்டாம், பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சூப்பர்வைசர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார். மாலையில் அவர் பெயரில் 'இயல்பு' என்று சீட்டு வந்தது.

எனக்கு உறுத்தியது. சீட்டில் குழந்தை ஒன்று, அவருக்கு இரண்டு. மாத்திரை 'இல்லை'. நேரம் பதினொன்று இருபது. மணிக்கு மணி உற்பத்தி எழுதும் லைன் சார்ட்டில் அதே நேரத்துக்கு அவர் கையெழுத்து. தையல் லைனில் யார் எழுந்துபோனாலும் அந்த இடத்தில் உட்கார ரிலீவர் என்று ஒரு பெண் இருப்பாள், மெஷின் நிற்காது. சூப்பர்வைசர் அந்த வழக்கத்தைத் திருப்பிப் போட்டிருந்தார். தான் லைனில் இருந்துகொண்டு, முகாமுக்கு ரிலீவரை அனுப்பிவிட்டார். கேட்டபோது மழுப்பவில்லை.

"எக்ஸ்போர்ட் பெட்டி அன்னிக்கே கெளம்பணும் மேடம். சீட்டு வந்துட்ச்சி இல்ல, அது போதாதா?"

என் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். ஆள்மாறாட்டத்துக்காக இருவருக்கும் மெமோ கொடுத்தேன். விளக்கம் வாங்கினேன். இனி நடக்காது என்று எழுதி வாங்கிக் கோப்பை மூடினேன். விதிப்படி ஒரு குறையும் இல்லை. அவரையே பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் எந்த விதியிலும் இல்லை, எனக்கும் தோன்றவில்லை. எல்லோரும் பரிசோதனை செய்துகொண்டதாக என் அறிக்கை மேலே போய்விட்டிருந்தது. தோன்றவில்லையா, தோன்றவிடவில்லையா என்ற சந்தேகம் இன்றும் தீரவில்லை.

மூன்று வருடம் கழித்து, ரத்தப்போக்கு என்று வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். முற்றியிருந்தது. பார்க்கப் போன என்னிடம், "அன்னிக்கு நானே போயிருக்கணும் இல்ல மேடம்?" என்றார். மாத்திரைதான் காரணமா என்று டாக்டரால் அடித்துச் சொல்ல முடியவில்லை. முன்பே பார்த்திருந்தால் பிடித்திருக்கலாம் என்று மட்டும் சொன்னார். அடுத்த பொங்கலுக்கு சூப்பர்வைசர் இல்லை.

போன வாரம் ராணிப்பேட்டையிலிருந்து என் மகள் வந்தாள். அவள் பையில் அதே மாதிரி அட்டை, ஏழாவது வருடமாம். பரிசோதனை செய்தாயா என்றேன். ஆயிற்று, நார்மல் என்றாள். சீட்டைக் கேட்டேன், போனில் காட்டினாள். பெயர், வயது, குழந்தை, மாத்திரை, எல்லாம் சரி. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

"நீதானே போன?"

"இன்னாம்மா கேள்வி இது? எனக்குப் பதிலா யார் போவாங்க?"

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே, எத்தனை மணிக்குப் போனாய் என்று கேட்டேன்.