கழுவிய இஞ்சின்

கூடலூரில் பழைய ஜீப், கார்களை வாங்கி விற்கும் புரோக்கராக இருந்தார் என் பெரியப்பா. வண்டி பார்க்கப் போனால் பெயிண்டைப் பார்க்க மாட்டார், சீட்டைத் தடவிப் பார்க்க மாட்டார். நேராக பானெட்டைத் திறந்து உள்ளே மூக்கை நுழைப்பார். எண்ணெயும் புழுதியும் அப்பிக் கிடந்தால் அவர் முகம் மலரும். பளபளவென்று இருந்தால் பேரமே பேசாமல் திரும்பிவிடுவார். "கழுவி வெச்சிருக்கான்னா என்னத்தையோ மறைக்கறான்டா. எங்கிருந்து ஒழுகுதுன்னு அழுக்குத்தானே காட்டிக் குடுக்கும்?" என்று ஒருமுறை எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எல்லோரும் சிரித்தோம். அப்பாதான் அதிகம் சிரித்தார்.

நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம் அம்மாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். குன்னூரில் இருந்து கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருந்தது. அப்பா தேயிலைக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. அண்ணனிடம் கார் ஓட்டக் கற்றிருந்தாரே தவிர, எங்களிடம் சைக்கிள்கூடக் கிடையாது. கேள்விப்பட்ட பெரியப்பா தன் வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஊரெல்லாம் வண்டி விற்றவர், அந்தக் காரை மட்டும் யார் கேட்டும் கொடுத்ததில்லை. "பஸ்ஸுல அவளக் கூட்டிட்டு மலை எறங்க முடியுமாடா? அவ நல்லா நடமாடற வரைக்கும் இங்கயே நிக்கட்டும்" என்று சாவியை அப்பாவின் சட்டைப் பையில் போட்டுவிட்டு, தான் பஸ் ஏறிப் போனார்.

அம்மா தேறி எழுந்தாள். வண்டியை எடுத்துப்போக பெரியப்பா திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு அன்றிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நன்றி சொல்ல வராது. சொன்னால் எதிரில் இருப்பவர் கோபித்துக்கொள்வார். அண்ணனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? வண்டியைக் கழுவிக் கொடுக்கலாம் என்றாள் அம்மா. "வெளிய யாரு வேணாலும் கழுவுவாங்க" என்றார் அப்பா. அடுத்த நாள் கடைவீதியிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் டிகிரீசர் டின்னோடு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வேலை ஒரு சடங்கு போல நடந்தது. இஞ்சின் சில்லென்று ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். பேட்டரி ஒயரைக் கழற்றினார். தண்ணீர் படக் கூடாத இடங்களுக்கெல்லாம் பாலிதீன் பை மாட்டினார்; ரப்பர் பேண்டு எடுத்துக் கொடுப்பது என் உத்தியோகம். கழிவு சாக்கடைக்கு ஓடாமல் இருக்க அடியில் பழைய சாக்குகளைப் பரப்பினார். மூக்கில் கைக்குட்டை, கைகளில் ரப்பர் உறை. பக்கத்து வீட்டு டிரைவர் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மண்ணெண்ணெய ஊத்தித் தேச்சா ஒரே தேய்ப்புல போயிருமுங்களே" என்றார்.

"தீ கீ புடிச்சா என்னங்க பண்றது? அண்ணன் வண்டிங்க" என்றார் அப்பா.

மருந்தைத் தெளித்து, ஊறவிட்டு, காயும் முன்னே பழைய பல்துலக்கியால் மூலை முடுக்கெல்லாம் தேய்த்தார். குழாயால் பீய்ச்சி அடிக்காமல், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த அம்மா என்னைப் பார்த்து, "இந்த ஊட்டுல ஒரு டம்ளர் கழுவுனதில்ல. அண்ணன் காருன்னா பல்லு வெளக்கி உடறாரு பாரு" என்றாள். அப்பா கைக்குட்டைக்குள் சிரித்தார். காலையில் கரிப்பிண்டமாகக் கிடந்த இஞ்சினில் சாயந்திரம் இரும்பு இரும்பாகவும் அலுமினியம் அலுமினியமாகவும் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷமாக அப்பாவை நான் பார்த்தது குறைவு.

கீழே கோயம்புத்தூராக இருந்தால் ஒரு வெயிலில் எல்லாம் காய்ந்திருக்கும். எங்கள் ஊரில் மதியமே மஞ்சு இறங்கி மலையை மூடிவிட்டது. துணியெல்லாம் மூன்று நாள் கொடியில் கிடக்கும் பருவம் அது. ஒருமுறை ஸ்டார்ட் செய்து சூடேற்றி ஈரத்தை விரட்டியிருக்கலாம். அண்ணன் கண்ணில் படும்வரை உள்ளே ஒரு பொட்டுப் புகை படியக் கூடாது என்று அப்பா பைகளை உருவி, பேட்டரி ஒயரை மாட்டியதோடு வண்டியை மூடி வைத்தார்.

மறுநாள் பெரியப்பா வந்தார். காபி குடித்து, அம்மாவை நலம் விசாரித்துவிட்டு வண்டியிடம் போனார். அப்பா பானெட்டைத் தூக்கிவிட்டு ஒதுங்கி நின்றார். பெரியப்பாவின் வாய் பிளக்கும் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முகம் மெல்ல மெல்ல புரோக்கர் முகமாக மாறியது.

"என்னடா ஆச்சு வண்டிக்கு?"

"ஒண்ணும் ஆவலீங்கண்ணா."

"ஒண்ணும் ஆவாமயா இதக் கழுவி வெச்சிருக்க?"

பெரியப்பா குனிந்து அடியில் பார்த்தார், விரலால் தடவி முகர்ந்தார். பிறகு உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஈரம் எங்கே ஒளிந்திருந்ததோ, இஞ்சின் இருமியது, நின்றது, மறுபடியும் இருமியது. ஒருவழியாகக் கிளம்பியபோதும் நொண்டிக்கொண்டே ஓடியது. "எங்கயாவது இடிச்சிருந்தா இடிச்சேன்னு சொல்லியிருக்கலாமேடா. நான் என்ன உன்ன முழுங்கியா போடுவேன்?" என்றார் பெரியப்பா. அதட்டலாகக்கூட இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

உங்களுக்காகத்தான் கழுவினேன் என்று ஒரு வார்த்தை. அப்பா அதைச் சொல்லவே இல்லை. தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கார் நொண்டியபடி வளைவு திரும்பியது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

கூடலூர் ஒர்க் ஷாப்பில் இஞ்சினைப் பிரித்துப் பார்த்ததாகவும், ஒரு குறையும் இல்லை என்று மெக்கானிக் சொன்னதாகவும் பெரியம்மா போனில் சொன்னாள். அம்மா அதை அப்பாவிடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு, எங்கள் வீட்டுக்குக் கீழே வளைவில் அந்த வெள்ளைக் கார் நின்றது. நான் ஓடினேன். பெரியப்பா ஒரு பொட்டலம் மிளகை என் கையில் வைத்து, "அப்பா ஊட்டுல இருக்கறாரா?" என்று கேட்டார். இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றேன். "வேண்டாஞ் சாமி" என்றவர், காரை விட்டு இறங்கி, எங்கள் ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, இடுப்பில் கை ஊன்றி உள்ளே பார்த்தபடி நின்றார்.

நான் மூச்சிரைக்க மேலே ஓடி, "அப்பா, பெரியப்பா வண்டி நின்னுபோச்சு!" என்றேன். அப்பா ஜன்னலுக்கு வந்தார். கீழே திறந்த பானெட்டையும் அதன்முன் குனிந்த தலையையும் வெகுநேரம் பார்த்தார். அம்மா, "போங்க, போயி என்னன்னு கேளுங்க" என்றாள். அப்பாவின் கை கதவுத் தாழ்ப்பாள்வரை போனது.

"அவருக்குத் தெரியாத இஞ்சினா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சற்று நேரத்தில் பானெட் மூடும் சத்தம் கேட்டது. முதல் திருப்பிலேயே கார் கிளம்பிப் போனது. அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கல்யாண வீடுகளில் இருவரும் ஆளுக்கொரு பந்தியில் சாப்பிட்டார்கள். பெரியப்பா இப்போது இல்லை. அன்று நான் மிளகுப் பொட்டலத்தோடு ஜன்னலில் நின்று, ரிப்பேரைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார் என்று சந்தோஷப்பட்டேன். அந்த வண்டியில் ரிப்பேர் எதுவும் இருக்கவில்லை.