மீன் மேசைக்குப் பக்கத்தில் தபால் கவுண்டர்

1. எங்களுக்குக் கடைசியாகச் சொன்னார்கள்

எங்கள் தபாலகம் மூடப்படுகிறது என்பதை எனக்கு முதலில் சொன்னது மனேஜர் அல்ல, முத்திரை வாங்க வந்த ஒரு சீனத்து அம்மா. "யூ குளோசிங்?" என்று கேட்டார். "நோ, நோ" என்று சிரித்து அனுப்பினேன். மத்தியானம் மனேஜர் வந்து, கதவைச் சாத்திவிட்டு எங்களை இருக்கச் சொன்னார்.

மனேஜர் நல்ல மனிதர்தான். மேலிடத்தில் எழுதியதை வாசிப்பது அவர் வேலை, வாசித்தார். கவுண்டர் அடுத்த பிளாசாவில் இருக்கும் ராணியின் தமிழ்ப் பலசரக்குக் கடைக்குப் போகிறது. எங்கள் ஆட்களில் சிலர் வேறு கிளைகளுக்குப் போவார்கள், சிலர் வீட்டுக்குப் போவார்கள். எனக்குப் பென்ஷன் எடுக்கிற காலம் கிட்டியிருந்தது. ஆகவே போவதற்கு முன் கடைக்காரருக்கு நான் வேலை பழக்கிவிட வேண்டும்.

"யூ ஆர் பேர்ஃபெக்ட். யூ ஸ்பீக் தெயர் லாங்குவேஜ்" என்றார்.

என் கவுண்டரை நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதற்கு என் தமிழும் ஒத்தாசை! யூனியன் கூட்டத்தில் கத்தினேன். பனிக்குள் எதிர்ப்பு எழுதிய மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. முழுநேர வேலைகளை ஒழித்துவிட்டுக் கவுண்டரைக் கடை மூலைக்குள் தள்ளுவது சரியில்லை என்று இன்றைக்கும் சொல்வேன். கேட்டுக் கேட்டு என் மனைவிக்குக் காது புளித்துவிட்டது.

தபாலகத்தின் கடைசிக் கிழமையில் பத்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஸ்காபரோவில் எங்கள் பகுதிதான். பார்சல்களை வீட்டுக்கு வரவிடாமல் தபாலகத்து விலாசத்துக்கே வரவழைத்து, ஐடி காட்டி எடுத்துக்கொண்டு போகிறவர். வீட்டில் அவர் மகள் அபி லப்டொப்போடு இருந்து வேலை செய்கிறாள். வாசல் மணி அடித்தால் அவள்தான் திறப்பாள். பெட்டியின் மேல் அனுப்பிய கொம்பனியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றி முடி கொட்டியவர்களுக்கு விக் செய்து விற்கிற கொம்பனி அது. நான் அதை வாசித்தேன் என்று பத்மாவுக்குத் தெரியும். தெரியும் என்பது எனக்கும் தெரியும். இரண்டு பேரும் குளிரைப் பற்றித்தான் கதைப்போம்.

அன்றைக்கு மட்டும் கதை மாறியது.

"அண்ணை, இனி ராணியின்ர கடையிலயோ?"

"ஓம் தங்கச்சி."

"ஐயோ! நான் சாமான் எடுக்கிறதும் அங்கதான். அவவின்ர வாய் உங்களுக்குத் தெரியாது. அபிக்குப் பாத்த மாப்பிள்ளையின்ர பெரியம்மாவும் அந்தக் கடைதான்." தலையில் கட்டியிருந்த துணியை இழுத்துச் சரிசெய்தார். "அபியின்ர கலியாணத்துக்குக் கட்டிற விக் இனித்தான் வரும். அளவு குடுத்துச் செய்விச்சது. விலாசம் மாத்தேலாதாம். வீட்டில பழைய விக்குக்கு மேல துணியைக் கட்டி, தலைக்குக் குளிருது எண்டு அபியைச் சமாளிக்கிறன். அவளுக்குத் தெரிஞ்சால் கலியாணத்தைத் தள்ளிவைச்சிட்டு என்னோட ஆஸ்பத்திரிக்குத் திரிவாள். தள்ளிவைச்சால் அதைப் பாக்க நான் இருப்பனோ தெரியாதண்ணை."

அவருடைய ஐடியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நான் அங்க நிப்பன் தங்கச்சி. என்ர கையாலதான் தருவன்" என்றேன்.

2. கேளாட்டிச் சனம் கோவிக்கும்

கடையில் எங்களுக்கு ஒதுக்கிய இடம் ஒரு பக்கம் மீன் வெட்டும் மேசை, மறு பக்கம் அரிசி மூட்டைகள். அந்த மாதம் ஸ்காபரோவிலிருந்து போன பதிவுத்தபால்கள் எல்லாம் விளைமீன் மணத்தோடுதான் போயிருக்கும்.

கடைக்காரர் ராணிக்கு என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். வேலையில் புலி. ஸ்கானரை ஒரு மத்தியானத்தில் பிடித்துக்கொண்டார். தராசு அவருக்குப் புதிதா என்ன? கணக்கு அடைப்பதில் என்னையே திருத்தினார். வாய்தான் பிரச்சினை. இரண்டாம் நாள் கவுண்டரில் நின்றபடியே மரக்கறிப் பக்கம் பார்த்து உரத்த குரலில் கூப்பிட்டார்.

"கமலாக்கா! உங்களுக்கு லண்டனிலயிருந்து ஒரு பார்சல்! நல்ல பாரம்! தம்பி சீலை அனுப்பியிருக்கிறார் போல!"

கையில் கத்தரிக்காயோடு கமலாக்கா ஓடிவந்தார். கூடவே வேறு மூன்று பேர் சீலை பார்க்க வந்தார்கள்.

கடை பூட்டியதும் ராணியை இருத்திச் சொன்னேன். "ராணி, தபால் கவுண்டரில கேக்க வேண்டியதைத்தான் கேக்கலாம். உள்ள என்ன, ஆபத்தான சாமான் ஏதும் இருக்கோ, ஐடி எங்க. அவ்வளவுதான். ஆருக்கு ஆர் அனுப்பினது எண்டது எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சாலும் தெரியாது."

"அண்ணை, இது கடை. சனத்தைக் கண்டு 'மகன் எப்பிடி, முழங்கால் நோ எப்பிடி' எண்டு கேளாட்டி அவை கோவிப்பினம். ராணிக்குத் தலைக்கனம் வந்திட்டுது எண்டுவினம்."

"முழங்காலைக் கேளும். பார்சலைக் கேளாதையும்."

"அது கஷ்டமண்ணை" என்று உண்மையாகவே சொன்னார்.

எனக்குப் பத்மாவின் முகம் ஞாபகம் வந்தது. விஷயத்தை ராணியிடம் சொல்லி எச்சரிக்கவும் வழியில்லை. சொன்னால் நானே சட்டத்தை மீறினவன் ஆவேன்.

3. முகம் வெளியே

கடைக்காரருக்கு ஒரு ஒழுங்கு உண்டு. பால்மாத் தகரப் பேணி என்றாலும் மிளகாய்த்தூள் பக்கெற் என்றாலும் முகம் வெளியே பார்க்க நேராக அடுக்க வேண்டும். ஒரு நாள் காலை நான் வந்தபோது பார்சல்களையும் ராணி அப்படியே அடுக்கி வைத்திருந்தார். கவுண்டருக்குப் பின்னாலிருந்த தட்டில் பெயர், விலாசம், அனுப்பியவர் எல்லாம் வரிசையில் நிற்பவர்கள் வாசிக்கத் தோதாக இருந்தன. சனம் வாசித்துக்கொண்டும் நின்றது.

திருப்பி அடுக்கச் சொன்னேன். "முதுகு தெரிய வைச்சால் கடையைப் பூட்டப்போறம் எண்டு நினைப்பினமண்ணை" என்று முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். கைப்பழக்கம் விடுமா? அடுத்து வந்த பெட்டிகள் மறுபடியும் முகம் வெளியே.

பத்மாவின் பெட்டி வந்த நாளில் நான் பின்னறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கை கழுவிவிட்டு வந்தால் கவுண்டரில் நீண்ட வரிசை. முன்னுக்கு நின்றவர் தவமணி அன்ரி, பத்மா பயந்த அதே பெரியம்மா.

"உதில மேல் தட்டில கிடக்கிறது பத்மாவின்ர பேரெல்லே? எடும் பிள்ளை. நான் பின்னேரம் அங்கதான் போறன், குடுத்துவிடுறன்."

எங்கள் ஆட்களுக்குள் இது சாதாரண உதவி. மாட்டேன் என்றால் உன்னை நம்பவில்லை என்று அர்த்தம். ராணி ஏற்கெனவே பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். எடுத்ததில் மேல் பக்கம் திரும்பி, கொம்பனியின் பெயர் வரிசையைப் பார்த்து நின்றது. தவமணி அன்ரி கைப்பைக்குள் கிட்டத்தில் வாசிக்கிற கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். எனக்கும் கவுண்டருக்கும் நடுவே ஆட்களும் அரிசி மூட்டைகளும். கத்தினால் எல்லோரும் அந்தப் பெட்டியைத்தான் பார்ப்பார்கள்.

ராணி பெட்டியை நெஞ்சோடு சேர்த்து அணைத்தார், பெயர் உள்ளே இருக்க.

"ஐயோ அக்கா! நீங்கள் இதைக் கண்டிருக்கவே கூடாது!" முழுக்கடையும் திரும்பியது. "இது மாப்பிள்ளை பகுதிக்கு அவை செய்யிற சர்ப்ரைஸ். அதை உங்களிட்டையே குடுத்துவிட்டால் பத்மா என்னை உயிரோட விடுவாவோ?"

"எங்களுக்கோ?" தவமணி அன்ரியின் முகம் மலர்ந்தது. "என்ன சாமான்?"

"என்னை வெட்டிப்போட்டாலும் சொல்லமாட்டன். நீங்களும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதேங்கோ."

அன்ரி உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, பெரிய இரகசியம் சுமப்பவராக வெளியே போனார். கண்ணாடி கடைசிவரை கிடைக்கவில்லை.

வரிசை கலைந்த பிறகு கேட்டேன். "உமக்கு எப்பிடித் தெரியும்? பெட்டியை வாசிச்சனீரோ?"

"பெட்டி வேணுமோ அண்ணை? சனிக்கிழமை தவறாமல் நண்டு வாங்கினவ. பிறகு மீன் மேசைப் பக்கமே வாறேல்ல, மணம் பிடிக்கேல்ல. இஞ்சி, பார்லி, கிராக்கர் பிஸ்கட். அதுக்குப் பிறகு தலையில துணி. என்ர அக்காவும் கடைசியில உதைத்தான் சாப்பிட்டவ."

"அப்ப மாசக்கணக்கா உமக்குத் தெரியும். ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

ராணிக்குக் கோபம் வந்துவிட்டது. "உதெல்லாம் ஆரும் சொல்லுவினமோ? என்னை என்னெண்டு நினைச்சியள்?"

அவர் வாயைப் பற்றி நான் நினைத்தது வேறு. வெட்கமாக இருந்தது.

பின்னேரம் பத்மா வந்தார். கண்ணில் பயம். ராணி ஐடியைப் பார்த்து, கையெழுத்து வாங்கி, பெட்டியைப் பெரிய பையின் அடியில் வைத்து அதன் மேல் இரண்டு பிடி கீரையையும் லீக்ஸையும் போட்டுக் கொடுத்தார். மரக்கறி வாங்கிய பெண்ணாகப் பத்மா வெளியே நடந்தார். எங்கள் பழைய தபாலகத்தில் அவர் பெட்டியை வெறுங்கையில் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. நான் அதை ஒரு நாளும் யோசித்ததில்லை.

4. கலியாண ஹோலில்

கலியாணத்துக்கு ராணிக்கும் எனக்கும் அழைப்பு வந்தது. அன்றைக்குக் கடையில் கட்டிவிட்ட சர்ப்ரைஸை ராணி அந்தரத்தில் விடவில்லை. பயத்தம் பணியாரமும் கொக்கிஸும் என்று பலகாரம் அடுக்கிய பெரிய தட்டுகளை மாப்பிள்ளை பகுதிக்கென்று கொண்டுவந்து இறக்கினார். தவமணி அன்ரிக்கு வலு சந்தோஷம்.

பத்மா குங்குமச் சிவப்புச் சீலையில், கொண்டை போட்டுப் பூ வைத்திருந்தார். தாலி கட்டியபோது மற்றவர்கள் மணமக்களைப் பார்த்தார்கள். நான் பத்மாவைப் பார்த்தேன். கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்கிற நேரம் தவமணி அன்ரி பக்கத்தில் வந்து கொண்டையை உற்றுப் பார்த்தார். "பத்மா, இந்த வயசிலயும் உமக்கு இவ்வளவு முடியோ? என்ன வைக்கிறனீர்?"

பத்மாவின் கை தன்னையறியாமல் தலைக்குப் போனது.

"என்ர கடை எண்ணெய் அக்கா!" என்றார் ராணி, பின்னாலிருந்து. "கலியாண வீட்டில விளம்பரம் போடப்படாது எண்டு பேசாமல் நிண்டனான். திங்கக்கிழமை வாங்கோ, உங்களுக்கும் ஒரு போத்தில் எடுத்து வைக்கிறன்."

எல்லோரும் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே ராணியின் கையைப் பிடித்தவர், படம் எடுத்து முடியும்வரை விடவில்லை.

5. அபி

இந்தக் கதையை அங்கேயே முடித்தால் எனக்கும் நல்லது. ஆனால் கலியாணம் முடிந்து சில கிழமைகளில் பத்மா மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அடுத்த நாள் அபி கடைக்கு வந்தாள். வரிசையில் நிற்கவில்லை. நேரே கவுண்டருக்கு வந்தாள்.

"ராணி அன்ரி, உங்களுக்குத் தெரியும், என்ன? அங்கிள், உங்களுக்குமோ?"

ராணி ஸ்கானரைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. ஷி வென்ற் அலோன். கீமோவுக்குத் தனியா பஸ்ஸில போய் வந்திருக்கிறா. நான் மேல் மாடியில சூம் மீற்றிங்கில இருந்திருக்கிறன்." குரல் உடைந்தது. "எனக்குக் கலியாணமா முக்கியம்? ஹூ டிசைடட் தட்?"

ஒருவருக்கு வருகிற தபாலைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லக் கூடாது, அது சட்டம் என்று என் நாக்கு நுனியில் இருந்தது. அது உண்மையும்கூட. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் முடியவில்லை. பத்மா கேட்டதைத்தான் நாங்கள் செய்தோம். ஆனால் அதன் விலையில் ஒரு பங்கை இந்தப் பிள்ளையும் கட்டியிருக்கிறாள்.

சொல்லுக்குப் பஞ்சமில்லாத ராணி கடைசியில் இவ்வளவுதான் சொன்னார்: "உம்மட கோவம் சரி பிள்ளை."

அபி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு கீழே அடுக்கியிருந்த கூடைகளில் ஒன்றை எடுத்தாள்.

"அம்மாவுக்கு என்ன சாப்பிட ஏலும்? கேட்டால், ஒண்டும் வேண்டாம் எண்டுறா."

ராணி கவுண்டரின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். கூடையின் ஒரு பக்கப் பிடியை அவர் பிடிக்க, மற்றப் பக்கத்தை அபி பிடிக்க, இரண்டு பேரும் சாமான் தட்டுகளுக்கு நடுவே நடந்தார்கள். வரிசையில் நின்ற ஒருவர் "ராணி எங்க போறா?" என்று சலித்துக்கொண்டார். "அவ வருவா, நான் பாக்கிறன்" என்று ஸ்கானரை எடுத்தேன்.

இனிக் கடைக் கவுண்டர்களில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். தெரிந்ததை வாய்க்குள் வைத்திருக்க வேண்டும், அது எங்கள் வேலை. அது மட்டும் போதும் என்று நினைத்துத்தான் பென்ஷன்வரை வந்தேன். போதாது. நேரம் வந்தால் கவுண்டரை விட்டு வெளியே வரவும் தெரிய வேண்டும்.

தட்டுகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணியின் குரல் கேட்டது. அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அடுத்த மருந்து எப்பவாம்?"

"வியாழக்கிழமை" என்றாள் அபி. "நான்தான் கூட்டிக்கொண்டு போறன்."