ஓர் இலைகூட உள்ளே போகக் கூடாது

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜெர்மனியிலிருந்து போன் வந்தால் எனக்கு எடுக்கவே பிடிக்காது. அங்கே அப்போதுதான் காலை. விடிந்ததும் விடியாததுமாக ஒருவர் மலேசியாவில் ஈப்போவைக் கூப்பிடுகிறார் என்றால், நல்ல சேதி சொல்லவா கூப்பிடுவார்?

“தங்கச்சி, உங்கட கொன்டெய்னருக்குள்ள எலுமிச்சம்பழம் இருக்குதாம்,” என்றார் எங்கள் சாமானை வாங்கியவர்.

நான் பேனாவையும் தாளையும் எடுத்தேன்.

“மாவிலையும் இருக்குதாம். இன்னும் ரெண்டு இலை, என்னெண்டு அவங்களுக்கே விளங்கேல்ல. துறைமுகத்து ஆள் படம் எடுத்து அனுப்பிப்போட்டு, இது என்ன சாமான் எண்டு என்னட்டக் கேக்கிறான். நான் கதிரை கேட்டனானா, கோயில் சாமான் கேட்டனானா?”

கதிரை என்றால் நாற்காலி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஜெர்மனிக்குப் போய் முப்பது வருடம் உழைத்து, கடைசியில் அங்கே ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருந்தார். ஈப்போவில் உள்ள சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தபோது எங்கள் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தவர், எழுந்து, அதைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காலை ஆட்டிப் பார்த்துவிட்டு, “இருநூறு வேணும், மெத்தையோட,” என்றாராம். ஈப்போ ஓரம் சிலிபினில் எங்கள் பட்டறை. ரப்பர் மரத்தில் நாற்காலி, அதன்மேல் கட்ட, மெழுகுச் சாயம் போட்ட பாத்திக் துணியில் மெத்தை. அதுவரை எங்கள் சாமான் போன தூரம் நாட்டின் தெற்கு முனையில் இருக்கும் ஜோகூர்தான். ஐரோப்பாவுக்கு இதுதான் முதல் கன்டெய்னர். தாள் வேலை பார்ப்பவள் நான். யாரும் சொல்லிக் கொடுத்துக் கற்றதில்லை. தப்பாக நிரப்பி, திரும்பி வந்து, மறுபடி நிரப்பிக் கற்றது.

மண்டபத்தின் முதல் கல்யாணம் அடுத்த சனிக்கிழமை. போன் வந்தது வியாழக்கிழமை. ஒன்பது நாள் இருந்தது. மண்டபத்தில் உட்கார ஒரு நாற்காலி இல்லை.

“இப்ப என்ன கேக்கிறாங்க?” என்றேன்.

“எந்த மரத்து இலை, ஆர் வைச்சது, வேற எங்கயாவது ஒளிஞ்சிருக்கோ, எல்லாம் எழுதிக் கையெழுத்து வைச்சு நாளைக்குக் காலமை அனுப்பட்டாம். எழுதாமல் விட்டதை அவங்கள் கண்டுபிடிச்சால் முழுக் கொன்டெய்னரையும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். பொம்பிளை வீட்டுக்காரர் நேற்றே வந்து மண்டபத்தைப் பாத்தவை. ‘சனம் நிலத்திலயோ இருக்கிறது?’ எண்டு கேக்கினம்.”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சாமான் ஏற்றுவதற்கு முன்னாலேயே கப்பல் ஏஜென்ட் ஒரு தாள் கொடுத்து என்னைப் படிக்கச் சொல்லியிருந்தார். நான் படித்து, அதைத் தமிழில் பெரிய எழுத்தாக அட்டையில் எழுதி, கன்டெய்னர் கதவிலேயே கட்டித் தொங்கவிட்டேன். ‘செடி, பழம், மண் உள்ளே போகக் கூடாது. ஓர் இலைகூட.’ எல்லோரையும் நிற்க வைத்து வாசித்தும் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

நாலு மணி தேத்தண்ணிக்கு எல்லோரும் உட்கார்ந்ததும் போனை மேசை நடுவில் வைத்தேன். படத்தில் தோரணம் தெரிந்தது. காய்ந்து, சுருண்டு, ஆனாலும் நூலில் வரிசை கலையாமல்.

“அண்ணே,” என்றேன் எங்கள் தச்சரைப் பார்த்து. பதினெட்டு வருடமாக எங்களோடு இருப்பவர். “இது யாரு வேல?”

“நான்தான்கா,” என்றார், கொஞ்சமும் கூசாமல். “முதல் தடவையா கடல் தாண்டிப் போவுது. வாசலு மொட்டையா இருக்கலாமா?”

“இலை வைக்கக் கூடாதுன்னு வாசிச்சேனா இல்லையா?”

“வாசிச்சீங்க. இது இலை இல்லைக்கா. தோரணம்.”

அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. முகத்தில் அத்தனை நேர்மை.

அடுத்தது எலுமிச்சம்பழம். மெத்தை தைக்கும் அக்கா தானாகவே ஒப்புக்கொண்டார். குங்குமம் தடவி நாலு மூலைக்கும் ஒன்றாக உருட்டி வைத்தாராம். “பழம்னா திங்கிறது,” என்றார். “இத யாரு திங்கப் போறா? திருஷ்டிக்கு வச்சதுலா.”

மூன்றாவது படத்தில் இருந்த இலையைத் தச்சருக்கும் தெரியவில்லை, அந்த அக்காவுக்கும் தெரியவில்லை. லாரிக்காரச் சீனருக்குப் போன் போட்டேன். பக்கத்துச் செமோர் ஊர்க்காரர். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததால் எங்களைவிட வேகமாகத் தமிழ் பேசுவார். சொந்த லாரி வைத்திருப்பதால் எங்களுக்கு அவர் டவுக்கே, அதாவது முதலாளி.

“டவுக்கே, கதவுகிட்ட எதுனா வச்சீங்களா?”

“ஆமாலா. பம்ப்ளிமாஸ் எலை. எங்க வூட்டு மரம்.”

“எலைன்னு நீங்களே சொல்றீங்களே! வைக்கக் கூடாதுன்னு அட்டையில எழுதிக் கட்டியிருந்தேனே!”

“எனக்குத் தமிழ் பேசத்தான் வரும், படிக்க வராது அக்கா. வாசிச்சப்ப நான் லாரிலதான் இருந்தேன். அதோட அது சுவே கழுவுற சாமான்லா. ஆஸ்பத்திரியில இருந்து வந்தா அதுலதான் குளிப்போம். உங்க நல்லதுக்குத்தான்.” சுவே என்றால் பிடித்த பீடை. எங்கள் கன்டெய்னருக்குப் பீடை பிடித்ததே அந்த இலையால்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

மிச்சம் இருந்தது நாலாவது படம். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். வெளிறிய மஞ்சளில் ஒரு கீற்று, குறுக்கே இன்னொரு கீற்று.

அது எனக்குத் தெரிந்ததுதான். குருத்து ஞாயிறு அன்று மாதா கோயிலில் கொடுத்த ஓலையை நானே மடித்துச் செய்த சிலுவை. முதல் பெட்டியை மூடும்போது, மற்றவர்கள் அந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம், அதன் மேல் கட்டுக்கயிற்றில் செருகினேன். அட்டையை எழுதிய அதே நாளில். அதே கையால். தென்னை ஓலையும் ஓர் இலைதான் என்பது, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தோன்றவே இல்லை.

“அது என்னக்கா?” என்று தச்சர் எட்டிப் பார்த்தார்.

“என்னுது,” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தையல் அக்கா எழுந்துபோய் எனக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார். அந்தத் தேத்தண்ணி எனக்குப் போட்ட செருப்படி மாதிரி இருந்தது.

“சரி. வேற எதுனா இருக்கா?” என்று கேட்டேன். “இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அவுங்க கண்டுபிடிச்சா அத்தனையும் திரும்பி வந்துடும்.”

தச்சர் இல்லையென்று தலையாட்டினார். பிறகு தையல் அக்கா, கையில் இருந்த துணியைப் பார்த்துக்கொண்டே, “வேப்பிலை இருக்கு,” என்றார்.

“எங்க?”

“மெத்தைப் பெட்டியில. பூச்சி வராம இருக்க. சாமிக்கு இல்லக்கா, துணிக்கு.”

“எத்தனை பெட்டி?”

“மூணுதான். அப்புறம் இலை தீந்துடுச்சு.”

இதைக் கேட்டு நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். பூச்சி வந்துவிடக் கூடாது என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் இலையே வேண்டாம் என்கிறார்கள். பூச்சி வந்துவிடக் கூடாது என்றுதான் இவர் இலையையே வைத்தார். இரண்டு பேரும் ஒரே பூச்சிக்குப் பயந்து என்னை நடுவில் நிறுத்திவிட்டார்கள்.

தச்சர் வேறு தன் பங்குக்குப் புலம்பினார். “மரத்தையே அறுத்து, இருநூறு நாக்காலியா அனுப்பினோம். அதுக்கு ஒரு தாள் காட்டினோம், சரின்னுட்டான். நாலு இலைக்கு இந்தப் பாடா?” அவர் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பட்டதாலேயே இன்னும் எரிச்சல்.

ஜெர்மனிக்கு மறுபடி கூப்பிட்டு வேப்பிலையைச் சொன்னேன்.

“ஐயோ, அதை எழுதாதேங்கோ தங்கச்சி!” என்றார் அவர். “படத்தில இருக்கிற நாலையும் எழுதுங்கோ, போதும். பெட்டிக்குள்ள இருக்கிறது அவங்களுக்கு எங்க தெரியப் போகுது?”

“துறந்து பாத்தா?”

“துறக்க மாட்டாங்கள்.”

“எலுமிச்சம்பழத்தையும் பாக்க மாட்டாங்கன்னுதான் எங்க ஆளுங்க நினைச்சாங்க, அண்ணே.”

“மெத்தையைப் பிடிச்சு வைச்சிட்டாங்கள் எண்டால்?”

“மெத்தை இல்லாம உக்காரலாம். நாற்காலி இல்லாம உக்கார முடியாது.”

“உங்களோட கதைச்சு வெல்லேலாது,” என்று வைத்துவிட்டார். கோபமாகத்தான் வைத்தார்.

மறுநாள் காலையில் எழுத உட்கார்ந்தேன். மா, எலுமிச்சை, பம்ப்ளிமாஸ், தென்னை, வேம்பு. ஒவ்வொன்றும் எதற்கு என்று ஒரு கட்டம் இருந்தது. முதல் மூன்றுக்கும் ‘நல்லபடியாகப் போய்ச் சேர’ என்று ஆங்கிலத்தில் எனக்குத் தெரிந்த அளவில் எழுதினேன். தென்னைக்கும் அதையேதான் எழுதினேன். வைத்தவர் யார் என்ற இடத்தில் ‘கையெழுத்திடுபவர்’ என்று எழுதும்போது கை கூசியது. வேம்புக்கு ‘பூச்சிக்கு’ என்று எழுதி, பெட்டி எண்கள் மூன்றையும் போட்டேன். அனுப்புவதற்கு முன் தையல் அக்கா பின்னால் வந்து நின்று, “என் பேரையும் போட்டீங்களா?” என்றார். போட்டிருந்தேன். “நல்லது,” என்றார். அது நல்லதா கெட்டதா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

சனி, ஞாயிறு ஒன்றும் வரவில்லை. திங்கள் ஒன்றும் வரவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை அவர் குரல் வந்தது. எழுதிய பெட்டி மூன்றையும் துறைமுகத்து ஆட்கள் முதலில் திறந்தார்களாம். எழுதியபடியே இருந்ததாம். அந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு, எழுதாத பெட்டிகளில் இரண்டையும் திறந்து பார்த்து, ஒன்றும் இல்லை என்றதும் மிச்சத்தை விட்டுவிட்டார்களாம். “எழுதாத ரெண்டு பெட்டியையும் துறந்தவங்கள்,” என்றார் மறுபடி. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லிக் காட்டவில்லை. நாற்காலி வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. அந்த மூன்று பெட்டியோடு அறுபது மெத்தை குறைந்தது.

கல்யாணத்தன்று படம் அனுப்பினார். முன்வரிசைகளில் பாத்திக் மெத்தை. பின்வரிசைகளில் வெறும் மரம். அதில் பெண்கள் குளிருக்குக் கொண்டுவந்த சால்வைகளை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தார்: ‘பின்னுக்கு இருந்த ஆக்கள் நெடுக நெளிஞ்சுகொண்டே இருந்தவை. ஆனால் ஒருத்தரும் நிலத்தில இருக்கேல்ல.’

பட்டறையில் அந்தப் படத்தைக் காட்டினேன். தச்சர் நாற்காலியை எண்ணினார். தையல் அக்கா சால்வைகளை எண்ணினார்.

சில மாதம் கழித்து இன்னொரு இருநூறு கேட்டார். பக்கத்து ஊரில் மண்டபம் வைத்திருக்கும் நண்பருக்காம். மெத்தையும் வேண்டும். இந்த முறை நான் அட்டையெல்லாம் எழுதவில்லை. கதவுப் பக்கம் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெட்டியையும் நானே மூடினேன். தையல் அக்காவின் முந்தானையைக்கூட உதறச் சொன்னேன். என் கைப்பையைத் தச்சரிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் வெட்கப்படாமல் நன்றாகவே பார்த்தார்.

கதவைச் சாத்தி முத்திரை போட்டாயிற்று. லாரி கிளம்பியது. அப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறேன், பட்டறையின் வெளிக்கேட்டுக்கு மேலே புத்தம் புதுத் தோரணம்.

“அண்ணே!”

“கேட்லதானேக்கா கட்டினேன். கன்டெய்னர்ல இல்லையே.”

லாரி அதன் அடியில் நுழைந்தது. கன்டெய்னரின் உச்சி தோரணத்தை உரசி இழுத்தது. நூல் அறுந்தது. நான் கையை ஆட்டிக்கொண்டே ஓடினேன். டவுக்கே சாலை முனையில் நிறுத்தி, “என்னலா மறுபடியும்?” என்று இறங்கினார். ஏணி கொண்டுவரச் சொன்னேன். இந்த வயதில், பின்னால் நின்ற கார்கள் எல்லாம் ஹார்ன் அடிக்க, நானே ஏறினேன். கூரைமேல் நாலு இலை கிடந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். கதவு இடுக்கில் ஒட்டியிருந்த காம்பையும் நகத்தால் நோண்டி எடுத்தேன்.

இறங்கும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த தச்சர் கையை நீட்டினார்.

“கீழ போட்டுடாதீங்கக்கா,” என்றார். “இங்க குடுங்க.”