வட்டம் விழாத எண்

நான்கு மணிக்குப் பார்சல்காரர் வந்து, புதிதாக வரவழைத்த கேமரா லென்சைத் திரும்ப எடுத்துக்கொண்டு போவதாக ஏற்பாடு. அதற்குள் அது தேறுமா தேறாதா என்று தெரிந்தாக வேண்டும். தேறாவிட்டால் இந்த ஆசையையே மூட்டை கட்டி வைத்துவிடுவதாக அவள் சொல்லியிருந்தாள். கணவர் ஒன்றும் கேட்கவில்லை, அவளாகத்தான் சொன்னாள். அதுதான் இப்போது உறுத்தியது.

பதினோரு வருடமாகப் பாஸ்போர்ட் படம் எடுக்கிறவள். வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, மோவாயைக் கொஞ்சம் இறக்கச் சொல்வது, அவ்வளவுதான் தொழில். ஸ்டூடியோ சுவரில் அவளுடைய இயற்பியல் பட்டம் கண்ணாடிக்குள் தொங்கியது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இவ்வளவு படித்துவிட்டு இங்கே என்ன செய்கிறீர்கள் என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அவளும் தன்னையே கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

ஆறு மாதம் முன்பு பழைய கேமரா ஒன்றை, கண்ணுக்கு எட்டாத அகச்சிவப்பு ஒளியை மட்டும் வாங்கும்படி மாற்றி வாங்கினாள். அதில் பச்சை இலை பஞ்சாய் வெளுத்தது, நீல வானம் கரியாய் இருண்டது. முதல் படத்தைப் பார்த்த அன்று, படித்தது எங்கேயும் போய்விடவில்லை என்று தோன்றியது.

லென்ஸ்தான் வாய்க்கவில்லை. கையிலிருந்ததெல்லாம், யாரோ டார்ச் அடித்ததுபோல, படத்தின் நடுவில் ஒரு வெள்ளை வட்டத்தைப் போட்டன. அதனால்தான் எல்லாவற்றையும் கையாலேயே திருகிக்கொள்ளும் இந்த மலிவு லென்சை வரவழைத்தாள். வந்த அன்று எடுத்த பத்துப் படத்திலும் அதே வட்டம்.

"ஒரு தடவை முறையா சோதிச்சுடு. அப்புறம் தாராளமா அனுப்பு," என்றார் கணவர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் குறிப்பவர் அவர். அன்று வார விடுமுறை.

முறையான சோதனை என்றால், லென்சின் துளையை இரண்டிலிருந்து பதினாறு வரை ஒவ்வோர் எண்ணிலும் வைத்து எடுத்துப் பார்ப்பது. எண் ஏற ஏறத் துளை சுருங்கும். எந்த எண்ணில் எடுத்தோம் என்று இந்த லென்ஸ் கேமராவுக்குச் சொல்லாது. ஆகவே கணவர் சீட்டுகளில் எண்களை எழுதி, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிச் சுவரின் முன் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நின்றார். எண் எழுதுவதில் அவருக்குப் பெருமை அதிகம். பைக்குள் எப்போதும் ஒரு நீலப் பந்துமுனைப் பேனா இருக்கும்.

அவள் முன்னும் பின்னுமாக எண்களை மாற்றினாள், குவியம் பிசகியதை அங்கேயே அழித்தாள், சிலவற்றை இரண்டு தடவை எடுத்தாள். சீட்டுதான் இருக்கிறதே என்ற தைரியம்.

கீழே வந்து கணினியில் திறந்தபோது மணி மூன்றேகால். சில படங்களில் வட்டம் இருந்தது, சிலவற்றில் அடையாளமே இல்லை. எந்த எண் என்று பார்க்கச் சீட்டைப் பெரிதாக்கினாள். வெறும் வெள்ளைத்தாள். அடுத்ததும் அப்படியே. எல்லாப் படத்திலும் கணவர் ஒரு வெற்றுத்தாளை மிகுந்த பொறுப்புடன் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கருநீலச் சட்டை வேறு சலவைக்குப் போட்டதுபோல வெளுத்திருந்தது.

அவர் சீட்டை எடுத்துப் பார்த்தார். எண் பளிச்சென்று இருந்தது. திரையைப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா எழுதறேன். ஒரு வீட்டுக்காரர்கூட என் நம்பர் தெரியலன்னு சொன்னதில்ல," என்றார் மெதுவாக.

"உங்க மேல தப்பில்லைங்க. இந்த மை அகச்சிவப்புக்குக் கண்ணாடி மாதிரி, ஒளி அப்படியே ஊடுருவிப் போயிடும். இது எனக்குல்ல தோணியிருக்கணும்."

"அப்ப அந்த டிகிரிய இறக்கிட்டு என் பேனாவ மாட்டு."

அவள் சிரித்துவிட்டாள். படங்களின் பின்னால் குறிக்க வைத்திருந்த பென்சிலைத் தேடி எடுத்தாள். பென்சிலில் இருப்பது கரி. அது எந்த ஒளியிலும் மறையாது. கணவர் எல்லா எண்ணையும் முன்னைவிடத் தடிமனாக எழுதினார். மாடியில் வெயில் சுவரின் பாதிக்கு ஏறியிருந்தது. ஏழு எண், ஏழு படம்.

இம்முறை எண்கள் கன்னங்கரேலென்று தெரிந்தன. இரண்டிலிருந்து ஐந்தரை சொச்சம் வரை சுவர் சுத்தம். எட்டில் வட்டம் தொடங்கியது. பதினாறில் நன்றாகவே விழுந்தது.

எட்டு. ஸ்டூடியோவில் பதினோரு வருடமாக அவள் படமெடுத்த எண். புது லென்ஸ் வந்த அன்றும் அவள் விரல் கேட்காமலேயே அங்கே போய் நின்றிருக்கிறது.

"லென்சு மேல பழியப் போட்டுட்டோம், பாவம்," என்றார் கணவர்.

அழைப்பு மணி அடித்தது. பார்சல்காரரிடம், அனுப்பவில்லை, வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னாள். அப்படியானால் இந்தத் தாளில் ஒரு கையெழுத்து வேண்டும் என்று அவர் தன் பேனாவை நீட்டினார். கணவர் முந்திக்கொண்டு, காதில் செருகியிருந்த பென்சிலை மனைவியிடம் கொடுத்தார்.

"பென்சில்லாம் செல்லாது சார்," என்றார் பார்சல்காரர்.

அவள் பேனாவாலேயே போட்டுக்கொடுத்தாள். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள். எதிர்வீட்டு மரத்தின் மேல் இன்னும் ஒரு மணி நேர வெயில் மிச்சமிருந்தது. லென்சின் வளையத்தை நான்கில் வைத்தாள். விரல் எட்டுக்கு நழுவப் பார்த்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.