எழுந்திருக்காதீங்க அண்ணே

மலேசியாவுக்கு ஒரு கிரிக்கெட் அணி இருக்கிறது என்று சொன்னால் எங்கள் பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர், "அப்படியா? யாரு ஆடுறா, நம்ம ஆளுங்களா?" என்று கேட்பார்கள். அந்த அணி உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தோற்று வெளியேறிய சனிக்கிழமை, நாட்டில் யாரும் அதற்காகச் சோறு தண்ணி இல்லாமல் கிடந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்து மூலையில் நாலு வரி வந்தது. என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் நான்கு பேர். அந்த நாலு வரியைப் படிக்க மூன்று பேர்தான் மிச்சம் இருந்தோம்.

நான்காவது ஆள் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. இருபத்திரண்டு வருடம் ஒரே தொழிற்சாலையில் இருந்தோம். நான் சரக்கின் தரம் பார்ப்பவன், அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். காஹாங் பக்கத்து எஸ்டேட்டில் செம்பனை மட்டையைச் செதுக்கி பேட் செய்து ஆடியவர். என்னை விட நான்கு வயது மூத்தவர் என்பதால் அண்ணன். மற்ற இருவரில் ஒருவர் தமிழ்ப்பள்ளி வாத்தியார். இன்னொருவன் தினமும் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவன், எங்களுக்கு அவன் சிங்கப்பூரான்.

ஒருமுறை நான் அலுத்துப்போய், "எதுக்குண்ணே இந்த டீமக் கட்டிக்கிட்டு அழணும்? பேசாம இந்தியா மேட்ச் பாப்போமே" என்றேன். அண்ணனுக்கு வந்ததே கோபம்.

"இந்தியா தோத்தா அழுறதுக்குக் கோடிப் பேர் இருக்கான்டா. நம்ம டீமுக்கு யாரு இருக்கா? நாம நாலு பேருதான லா இருக்கோம்?"

அடுத்த ஆட்டத்துக்கு நானே முதல் ஆளாக டிவியைப் போட்டேன்.

எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு பேர் நிலைத்து ஆட ஆரம்பித்துவிட்டால் யாரும் இடம் மாறக் கூடாது. இருந்தவன் இருந்த இடத்தில். மாறினால் விக்கெட் போகும். ஒரு தடவை வாத்தியார் கழிவறைக்குள் போன நேரத்தில் நம் பையன்கள் அடிக்க ஆரம்பித்து, ஆறு ஓவர் அவரை வெளியே விடாமல் கதவுக்கு வெளியிலிருந்து ஸ்கோர் சொன்னோம். அன்றைக்கு ஜெயித்தோம். வாத்தியார் வெளியே வந்து, "உங்களுக்கெல்லாம் மனசாட்சியே இல்லையாடா?" என்று கத்தினார். அடுத்த ஆட்டத்துக்கு அவரே, "வேணும்னா நான் உள்ள போய் உக்காரவா?" என்று கேட்டார். நான் தொழிற்சாலையில் அரை மில்லிமீட்டர் பிசகினால் சரக்கைத் திருப்பி அனுப்புகிற ஆள். இதை மட்டும் நம்பினேன். நம்பினேன் என்ன, இந்தக் கட்டுப்பாட்டுக்கு நான்தான் போலீஸ்காரன்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆட்டம். ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நாங்கள் இரண்டாவதாக ஆடினோம். நான்கு விக்கெட் மளமளவென்று போய், பிறகு இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். பதினான்காவது ஓவர் என்று நினைக்கிறேன். நினைக்கிறேன் என்ன, நன்றாகத் தெரியும், பதினான்காவது ஓவர்தான். அண்ணன் இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "என்னமோ நெஞ்ச அடைக்குதுடா. காத்தாட வெளிய நின்னுட்டு வரேன்" என்றார்.

"எழுந்திருக்காதீங்க அண்ணே! இப்பதான் ரெண்டு பேரும் செட் ஆகியிருக்காங்க."

அவர் சிரித்தார். உட்கார்ந்துகொண்டார்.

காற்றாடியை வேகமாக வைத்தேன். அதுவும் பக்கத்திலிருந்த சுவிட்சை உட்கார்ந்தபடியே எட்டி வைத்தேன், என் இடம் மாறக் கூடாதே. இரண்டு ஓவர் கழித்து அண்ணன் மறுபடியும் பேசினார். சத்தம் சன்னமாக வந்தது. "நான் வீட்டுக்குப் போறேன்டா. அவளக் கூப்பிட்டுக் கிளினிக்குப் போகணும்." நாற்காலியின் கையைப் பிடித்து எழப் பார்த்தார். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவர் தோளில் கை வைத்து அழுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம்தான் அண்ணே. நாலு ஓவரு. அசையாதீங்க."

என் கைக்கு அவர் சட்டை ஈரமாக இருந்தது. எனக்கும்தான் வியர்த்திருந்தது. டென்ஷன் என்று நினைத்துக்கொண்டேன். அவர் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்தார். என்ன மனுஷன்! ஒரு வார்த்தை என்னைத் திட்டிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

கடைசிக்கு முந்தைய ஓவரில் நம் பையன் தூக்கி அடித்தான், எல்லைக்கோட்டில் பிடித்துவிட்டார்கள். அதே நேரம் அண்ணன் முன்பக்கம் சாய்ந்தார். நான் அவர் பக்கம் திரும்பி என்ன சொன்னேன் தெரியுமா? "அதான் அசையாதீங்கன்னு சொன்னேன்ல!" இதைத்தான் சொன்னேன். அவர் காதில் கடைசியாக விழுந்த குரல் என்னுடையது, கடைசியாக விழுந்த வார்த்தை அது. காதில் விழாமலே போயிருக்கலாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

"அலமாக், அண்ணனப் பாருங்கடா!" என்று சிங்கப்பூரான் அலறினான். மூன்று பேரும் தூக்கிக் காரில் போட்டோம். அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண் டாக்டர், வலி எப்போது ஆரம்பித்தது என்று மலாயில் கேட்டார். பதினான்காவது ஓவரிலிருந்து அந்தக் கேட்ச் வரை எவ்வளவு நேரம் என்று எனக்கு அத்துப்படி. "இப்பதான் டாக்டர்" என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்து, இல்லை என்று தலையை ஆட்டினார்.

அண்ணி வந்து, "என்னாச்சு, எப்படி ஆச்சு" என்று எங்கள் மூவரையும் மாற்றி மாற்றிக் கேட்டார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து சிங்கப்பூரான் முந்திக்கொண்டான். "நாங்க சொல்லச் சொல்ல அண்ணன் எழுந்திருக்கலண்ணி. மேட்ச் முடியட்டும்னு பிடிவாதமா உக்காந்துட்டாரு." வாத்தியார் தரையைப் பார்த்தார். நானும் தரையைப் பார்த்தேன்.

மறுநாள் அவர் வீட்டு நடுக்கூடத்தில் அண்ணனைக் கிடத்தியிருந்தபோது அண்ணி அழவே இல்லை. பெட்டியின் விளிம்பைத் தட்டித் தட்டிக் கேட்டார்.

"மேட்ச் முடிஞ்சிருச்சாய்யா? முடிஞ்சிருச்சுல்ல? எழுந்திருச்சு வாய்யா இப்ப! என்னையும் புள்ளையையும் விட அது பெருசாப் போச்சுல்ல உனக்கு!"

சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கல்லூரியில் படிக்கும் அவர் மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றாள். பதினாறாம் நாள் காரியத்திலும் அவள் அப்படியேதான் நின்றாள். படத்துக்குப் பூ போடச் சொன்னார்கள். முடியாது என்று அறைக்குள் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் நாங்கள் மூவரும் முதல்முறையாகத் தெருவோர ஒட்டுக்கடையில் சந்தித்தோம். நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ வந்தது. வாத்தியார் பேப்பரில் வெட்டி வைத்திருந்த அந்த நாலு வரியை எடுத்தார். பேச்சு தானாக ஆட்டத்துக்குப் போனது. முதல் ஆறு ஓவரில் ஏன் தடவினார்கள், தொடக்க ஆட்டக்காரனை எதற்கு மாற்றினார்கள், அந்தப் பந்தைத் தரையோடு தட்டியிருந்தால் போதுமே. அரை மணி நேரம் இதையே அரைத்தோம். எங்களுக்கு வேறெதைப் பேசவும் தைரியம் இல்லை. திடீரென்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போதும்டா! ஆள் செத்துப் போயிட்டாரு, எவனோ கேட்ச் குடுத்ததப் பத்தி ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு இருக்கோம். நான்தான் அவர அமுக்கி உக்கார வச்சேன். நீங்க ரெண்டு பேரும் பாத்தீங்க."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். வாத்தியார் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "பாத்தோம். நாங்களும்தான எழுந்திருக்கல" என்றார்.

"அண்ணிகிட்டச் சொல்லப் போறேன்" என்றேன்.

"சொல்லி என்னடா ஆகப் போகுது?" என்றான் சிங்கப்பூரான். "போனவரு வரப் போறாரா? உன்னையும் அவங்க வெறுக்கணுமா?"

"இப்ப அவர வெறுக்குறாங்களேடா!"

நான் அன்றே போயிருக்க வேண்டும். போகவில்லை. இன்னும் மூன்று வாரம் சாக்குச் சொல்லிக்கொண்டே கடத்தினேன். அண்ணனின் உடுப்புகளையெல்லாம் அண்ணி கறுப்புப் பையில் கட்டிக் குப்பையோடு வைத்துவிட்டதாக என் மனைவி வந்து சொன்னாள். இறந்தவர் உடுப்பை யாருக்காவது கொடுப்பார்கள், குப்பையில் போடுவார்களா? அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் கால் எழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றார். நான் உள்ளே போகவில்லை. கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்று சொன்னேன்.

"அண்ணி, அண்ணன் பிடிவாதம் பிடிக்கல. அது பொய். ரெண்டு தடவ எழுந்திருக்கப் பாத்தாரு. நெஞ்சு அடைக்குதுன்னு சொன்னாரு. நான்தான் எழுந்திருக்க விடல. தோளப் பிடிச்சு உக்கார வச்சேன்."

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைக்கவில்லை. "ரெண்டாவது தடவ என்ன சொன்னாரு?"

"'வீட்டுக்குப் போறேன்டா. அவளக் கூப்பிட்டுக் கிளினிக்குப் போகணும்'னாரு."

"திருப்பிச் சொல்லுங்க."

சொன்னேன்.

"அவளன்னா?"

"நீங்கதான் அண்ணி."

மூன்றாவது முறையும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு வாசல் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்து, அந்த ஈரத் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். இழவு வீட்டில் வராத அழுகை. வெகுநேரம் அழுதார். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பாப்பா, இங்க வாடி. அப்பா நம்மகிட்ட வரேன்னுதான்டி சொல்லியிருக்காரு. இவங்கதான் விடல."

மகள் கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்தாள். அண்ணி என்னை வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போங்க. இனிமே இந்த வீட்டுக்கு வராதீங்க" என்று மட்டும் சொன்னார். நான் கேட்டைத் திறந்தேன்.

"அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன்" என்றார் பின்னாலிருந்து. "ரெண்டு சந்து தள்ளி. என்னயாவது ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டிருக்கலாம் அண்ணி" என்றேன்.