எந்த ஊர்?

தொண்ணூறுகளில் லண்டன் கலை மையமொன்றில் காவல் வேலை பார்த்தேன். ஒரு கோடை முழுவதும் அங்கே அவுஸ்திரேலிய ஆதிக்குடிக் கலைஞர்களின் விழா நடந்தது. அவர்களில் ஓவியர் அம்மா ஒருவர் என்னிடம், “உன்னுடைய கண்ட்ரி எது?” என்று கேட்டார். லண்டனில் பலரும் கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல் மூட்டிய கேள்வி. இமிகிரேஷனில் சொல்லிப் பழகிய வாய் “ஸ்ரீலங்கா” என்றது.

அவர் இல்லையென்று தலையாட்டினார். தன் ஓவியத்தின் புள்ளிகளுக்கு நடுவே இருந்த நீர்நிலையைச் சுட்டிக்காட்டி, “இது என் கண்ட்ரி. உன்னுடையது?” என்றார்.

அட, அந்த அம்மா ஊரை அல்லவா கேட்கிறார்! சொன்னேன். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் ‘ழ’வோடு மல்லுக்கட்டி, சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார். இன்று நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

ஸ்ட்ரெதம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனதும் மனைவியிடம், “இண்டைக்கு ஒரு அம்மா என்னட்டை எந்த ஊர் எண்டு கேட்டவ” என்றேன்.

“எங்கட ஆளோ?”

“ஓம்” என்றேன்.